வாசகர் கேள்வி பதில்: வைரம் பாய்ந்த பழைய மரம்

பழைய தளபாடத்தைப் பிரித்து வீட்டுக்குப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வது பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. என்ன செய்வது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு மரத்தை அதற்காக வெட்டக்கூடாது. கையில் இருக்கும் மரத்தின் நீளத்தையும் அகலத்தையும் வலுவையும் அளந்து பார்த்துவிட்டு, அது எதுவாக மாறச் சம்மதிக்கிறதோ அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: அம்மம்மாவின் முதிரை மர அலுமாரி ஒன்று எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் நிற்கிறது. ஆறடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஒரு கதவின் கண்ணாடி உடைந்துவிட்டது. பின்பலகையையும் அடித்தட்டையும் கறையான் தின்றுவிட்டது. விற்பதற்கு மனம் வரவில்லை. விறாந்தையில் போடுவதற்கு ஒரு வாங்காக மாற்ற முடியுமா? எந்த இடத்தில் வெட்டத் தொடங்குவது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முடியும் மகள். ஆனால் வாளை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். முதல் வேலை சேதத்தை அளப்பது. ஒரு கூரான ஊசியையோ பழைய திருகாணி முறுக்கியையோ எடுத்து, நிலத்தோடு தொட்டு நின்ற கால்களில் அரை அங்குலத்துக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. தின்னப்பட்ட இடத்தில் பாண் துண்டில் இறங்குவதுபோல இறங்கிவிடும். கறையான் மரத்தின் வெள்ளையை, அதாவது பட்டையை ஒட்டிய மென்மரத்தைத்தான் முதலில் தின்னும். முதிரையின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தில், அதன் பல் எளிதில் ஏறாது. ஆகையால் மேலே பார்க்கும்போது முழுவதும் போய்விட்டதாகத் தோன்றும் காலில்கூட, அடியில் நாலு முதல் ஆறு அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டால் மீதி உறுதியாக இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கறையானையும் உளுவையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. கறையான் மண்ணிலிருந்து மண்பாதை கட்டிக்கொண்டு வரும்; நிலத்தொடர்பை அறுத்துவிட்டால் அது திரும்பிப் போய்விடும். உளுப்பூச்சியோ மரத்துக்குள்ளேயே வளர்ந்து, குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவது. ஓட்டை இருப்பதனால் மாத்திரம் பூச்சி இப்போதும் இருக்கிறது என்று ஆகாது. அலுமாரியின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து இரண்டு வாரம் விட்டுவையுங்கள். தாளில் மாவைப்போல வெளிறிய தூள் புதிதாக விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்படியாயின் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த மருந்தை, பொலிஷைச் சுரண்டி எடுத்த வெறும் மரத்தில், லேபலில் சொல்லப்பட்ட அளவில் பூசுங்கள். பொலிஷின் மேல் பூசினால் மருந்து உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது சில நாள் மணக்கும், அவ்வளவுதான், பின்னர் பொலிஷ் பிடிப்பதையும் கெடுத்துவிடும்.

அடுத்தது பிரிப்பது. பழைய அலுமாரிகளில் ஆணி அரிது. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி மற்றதன் துளையில் கோத்து, அந்த மூட்டின் குறுக்கே ஒரு மர ஆணியை அறைந்திருப்பார்கள். மூட்டருகே விரலால் தடவினால் சிறிய வட்டமாக அது தட்டுப்படும். பெரும்பாலும் அது ஒரு பக்கம் பருத்தும் மறு பக்கம் சிறுத்தும் இருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து, அதைவிடச் சற்று மெல்லிய ஒரு கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினால், பல பத்தாண்டுகளாக அசையாதிருந்த ஆணி ஒரு சிறு முனகலோடு மறு பக்கம் வெளியே வரும். கழற்றுகிற ஒவ்வொரு துண்டிலும் சோக்கால் குறியிட்டுக்கொள்ளுங்கள்: இடம், வலம், முன், பின். இதைச் செய்யாதவர்கள் இரண்டாம் நாள் மாலையில் படும் பாடு பெரிது.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் அலுமாரிக்கு நான்கு மூலைக்கால்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆறடி, அதாவது 72 அங்குலம். அடியில் ஆறு அங்குலத்தை நீக்கினால் 66 அங்குலம் எஞ்சும். இரண்டு கால்களை வாங்கின் முன், பின் நீளச் சட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது காலிலிருந்து 32 அங்குலத்தில் இரண்டு துண்டு எடுத்தால் அவை சாய்வையும் தாங்கும் பின்கால்கள் ஆகும். நான்காவதிலிருந்து 16 அங்குலத்தில் இரண்டு முன்கால்களும், 15 அங்குலத்தில் இரண்டு பக்கச் சட்டங்களும் கிடைக்கும். உள்தட்டுகள் மூன்றரை அடி நீளம் என்றால், அவற்றை நடுவில் அறுத்து 21 அங்குலத் துண்டுகளாக்கி, முன்னிருந்து பின்னாக இருக்கையில் அடுக்குங்கள். ஐந்தடி வாங்குக்கு இரண்டு தட்டுகள் போதும். மற்றக் கதவைப் படுக்கவைத்தால் அதுவே வாங்கின் சாய்வு ஆகிவிடும். அம்மம்மா ஒவ்வொரு நாளும் திறந்த கதவு, சாவித் துவாரத்தோடும் கைபட்டு மழுங்கிய விளிம்போடும், அங்கே இருந்துகொண்டிருக்கும். அந்தத் துவாரத்தை மக்கு வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கதவை இருக்கையாக வைக்கலாமே என்று பலர் நினைப்பார்கள், வைக்கக்கூடாது. கதவின் நடுப்பலகை அரை அங்குலம்தான் இருக்கும். அது சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பசையில்லாமல் நிற்பது, ஆள் ஏறி உட்கார்ந்தால் பிளந்துவிடும். அது பசையில்லாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. அகலவாட்டில் மாரியில் பருத்து, வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் சுருங்கும். இருக்கைப் பலகைகளுக்கு இடையில் ஒரு நாணயத்தின் தடிப்பளவு இடைவெளி விடச் சொல்வதும் இதனால்தான். ஒவ்வொரு பலகையையும் பசை போடாமல் திருகாணியால் மாத்திரம் பிடியுங்கள். ஐந்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலச் சட்டம் மூன்று பேரைத் தாங்கும்போது தொய்யும். ஆகையால் எஞ்சிய சட்டத் துண்டில் நடுக்கால் ஒன்றும் வையுங்கள்.

முதிரையில் முன்கூட்டித் துளையிடாமல் ஆணி அறைந்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். சாண்ட் பேப்பரை 80 இலக்கத்தில் தொடங்கி 120, 180, 240 என்று ஏறுங்கள், எப்போதும் மரத்தின் ரேகையோடு. 240 முடிந்தபின் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பொன்மஞ்சளாக, பட்டுப்போல, பார்க்கும் திசைக்கேற்ப ஒளி மாறும் அந்த ரேகையைக் கண்டபிறகு இதன்மேல் பெயின்ற் அடிக்க உங்களுக்குக் கை வராது.

கேள்வி: 2004 டிசெம்பர் 26 அன்று கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அடித்துச் செல்லப்பட்ட தேக்கு மேசை, மூன்று தெருக்களுக்கு அப்பால் ஒரு வேலியில் சிக்கிக் கிடந்தது. அப்பா அதைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். ஆறடிக்கு மூன்றடி. ஆணிகளைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. மழைக்காலத்தில் பலகை கசிவதுபோல ஈரமாகிறது. அதை மகனுக்குப் படிக்கும் மேசையாக மாற்ற விரும்புகிறேன். அறையில் நான்கடிக்கு இரண்டடிதான் இடம் இருக்கிறது.
– வாசகர், காரைதீவு

பதில்: மரம் கசியவில்லை, ஐயா. உள்ளே தங்கிய கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. உப்பை வெளியேற்றாமல் எந்தப் பூச்சைப் பூசினாலும் அது கொப்பளித்து உரிந்துவிடும்.

பங்குனிக்குப் பின், வெயில் நிலைத்த நாட்களில் தொடங்குங்கள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணிகளைப் பலகையின் மேலும் கீழும் போர்த்துவிடுங்கள். துணி காயும்போது உப்பும் அதனோடு ஏறும். துணியை அலசி மறுபடியும் போடுங்கள். காய்ந்த துணியில் வெள்ளைப் பூப் பூக்காத நாள் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். பிறகு நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கட்டைகளின்மேல் வைத்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை வளைந்துவிடும்.

கறுப்பு நிறம் அழுகல் அல்ல. ஆணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. துருப்பிடித்த ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும் என்பதால் எல்லா இரும்பு ஆணிகளையும் எடுத்துவிட வேண்டும். தலை முறிந்த ஆணியைக் குறட்டால் நெம்பாதீர்கள். அதைச் சுற்றிச் சிறு துளை வளையம் போட்டுக் கட்டையோடு வெளியே எடுங்கள். அந்த ஓட்டையில் அதே மேசையின் தேக்குத் துண்டொன்றை, ரேகை ஒரே திசையில் ஓடும்படி, பசையிட்டுச் செருகிச் சீவிவிடுங்கள். கறையை ஒக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். அது நஞ்சு, கையுறை போடுங்கள், பிள்ளைகள் கிட்ட வராத இடத்தில் செய்யுங்கள், முடிந்ததும் பலமுறை தண்ணீரால் துடைத்தெடுங்கள். புதிதாகப் போடும் ஆணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் இந்தச் செலவைக் குறைக்கக்கூடாது.

அளவைப் பற்றி: மூன்றடிப் பலகை ஒரே துண்டாக இராது. கூர்ந்து பார்த்தால் இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிய கோடு தெரியும். பழைய விலங்குப் பசை என்றால் சுடுதண்ணீர்த் துணியை அந்தக் கோட்டில் வைத்துவைத்து எடுக்க, ஒட்டு இளகும். ஒரு பலகையை அப்படியே பிரித்தெடுங்கள். மூன்று சமமான பலகைகள் என்றால் அகலம் இரண்டடியாகிவிடும், ஒரு நல்ல பலகையும் முழுதாக மிஞ்சும். நீளத்தில் மட்டும் வாள் வைத்தால் போதும். மிஞ்சிய பலகை புத்தகத் தட்டாக மேசைக்கு மேலே சுவரில் நிற்கலாம். மறுபடி ஒட்டும் விளிம்புகளைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை போடுங்கள். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.

கால்களில் கீறல்களும் தழும்புகளும் இருக்கும். மேற்பலகையை எழுதுவதற்கு வழுவழுப்பாக்குங்கள். கால்களில் உள்ள தழும்பை நீங்கள் சொல்லும்வரை நான் தொடமாட்டேன். நீங்களும் மகனிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: வாப்பாவின் பழைய வீட்டை இடித்தபோது முன்கதவை மாத்திரம் எடுத்து வைத்திருக்கிறோம். பச்சை, நீலம், மண்ணிறம் என்று எத்தனையோ பூச்சுப் பெயின்ற் இருக்கிறது. மின்சார மெஷினால் தேய்த்துவிட்டு, மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை செய்ய இருக்கிறோம்.
– வாசகி, சம்மாந்துறை

பதில்: அந்த மெஷினை இந்தக் கதவில் ஓட்ட வேண்டாம். பழைய பெயின்றில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு. இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். உங்கள் கதவின் அடிப்பூச்சுகள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்திலும் பாயிலும் படியும். தவழ்ந்து விளையாடும் பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால்தான் ஈயத்தைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். நெருப்பு வைத்து எரித்துச் சுரண்டுவது இதைவிடக் கேடானது; புகையாகவே உள்ளே போய்விடும்.

பாதுகாப்பான வழி, பெயின்ற் நீக்கும் களிம்பைப் பூசி, அது சுருண்டு வந்ததும் ஈரம் உலராமல் தட்டையான சுரண்டியால் எடுப்பது. முற்றத்தில், பழைய பொலித்தீன் விரித்து, கையுறையும் தூள் புகாத முகக்கவசமும் போட்டுச் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. எஞ்சியதை ஈரமாக வைத்தே சாண்ட் பேப்பரால் தேயுங்கள். சுரண்டியதைப் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். கிணற்றடியில் கழுவி ஊற்றாதீர்கள். அன்று போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

எல்லாப் பெயின்றையும் எடுக்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். உரியாமல் இறுகப் பிடித்திருக்கும் பூச்சை, ஈரச் சவர்க்காரத் துணியால் துடைத்து, மேலே தெளிந்த வார்னிஷ் இரண்டு மூன்று முறை பூசி அடைத்துவிட்டு, அதன்மேல் கண்ணாடி போடலாம். வாப்பா பூசிய பச்சை அப்படியே கண்ணாடிக்குக் கீழே இருக்கும். கண்ணாடியின் நான்கு மூலையிலும் சிறிய றப்பர் வில்லைகள் வையுங்கள். இல்லாவிட்டால் இடையில் ஈரம் சிக்கி வெளிறிய திட்டுகள் உண்டாகும். கதவு ஏழடி இருக்குமானால் அதை வெட்டாமல் எட்டுப் பேர் உட்காரும் மேசையாகவே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் நிலத்திலிருந்து 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

கேள்வி: பிரம்பு தொய்ந்துபோன சாய்மனைக் கதிரை ஒன்று இருக்கிறது. நீளக் கைகளை அறுத்துவிட்டுச் சிறிய சோபாவாக்கலாம் என்று மகன் சொல்கிறான்.
– வாசகர், கல்லடி

பதில்: இதற்கு மாத்திரம் நான் சம்மதிக்கமாட்டேன். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை; அவர்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்தாண்டு கழித்து அதைப் பிடித்த ஒல்லாந்தரிடமிருந்து, இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி என்ற சொல் வந்தது. சொல்லோடு வேலையும் இங்கே தங்கியது. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தச்சுத் தொழில் செய்து வந்தவை. சாய்மனைக் கதிரையின் நீளக் கையும் சாய்வின் வளைவும் அந்தக் கைப்பழக்கத்தில் பிறந்தவை. சாய்ந்திருப்பவரின் எடை எங்கே இறங்கும் என்று கணக்கிட்டு வைத்த அளவுகள் அவை. கையை அறுத்தால் அந்தக் கணக்கு போய்விடும்.

பிரம்பு அறுந்திராமல் தொய்ந்து மாத்திரம் இருந்தால் செலவே இல்லை. கதிரையைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் சுடுதண்ணீரில் நனைத்த துணியை அரை மணிநேரம் போட்டுவிட்டு, யாரையும் உட்கார விடாமல் இரவு முழுவதும் உலர விடுங்கள். காயும்போது பிரம்பு தானாகவே இழுத்து இறுகும். அறுந்திருந்தால் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள்: வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது, பின்னல்காரரிடம் கொடுங்கள், காடி இருந்தால் ஆயத்தப் பின்னலை வாங்கி, நனைத்து, காடியில் அழுத்திப் பசையிட்டு இறுக்கலாம். மகனுக்குச் சோபா வேண்டுமானால் வேறு மரத்தில் செய்துகொள்ளட்டும்.

சட்டத்துக்கு லின்சீட் எண்ணெய் பூசுவீர்களாயின், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடித்துவிடும். துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெளியே கொடியில் விரித்து முழுவதும் உலர்த்தியபின் எறியுங்கள்.

கேள்வி: பழைய மேசையின் லாச்சிகளைக் கொண்டு தையல் பெட்டி அடுக்கு ஒன்று செய்தேன். ஆவணியில் நன்றாக ஓடியவை கார்த்திகையில் இறுகிவிட்டன. சீவிவிடலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: மாரியில் சீவாதீர்கள். இப்போது சரியாகச் சீவினால் வைகாசியில் கடகடவென்று ஆடும். லாச்சியின் அடிவிளிம்பிலும் அது ஓடும் சட்டத்திலும் மெழுகுதிரியை அழுத்தித் தேயுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மழை ஓய்ந்தபின், லாச்சியின் உட்புறமும் பின்புறமும் பூச்சில்லாமல் இருந்தால் அங்கும் ஒரு முறை வார்னிஷ் பூசிவிடுங்கள். வெறுமையாக விடப்பட்ட அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் மரம் ஈரத்தைக் குடிக்கிறது. அதன்பிறகும் அடுத்த கார்த்திகையில் இறுகினால், எந்த விளிம்பு உரசுகிறது என்று சோக் தடவிப் பார்த்து, பென்சிலால் குறித்துவைத்து, பங்குனியில் அந்த இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுங்கள்.